மாரிக்கு முன் மணலும் கல்லும்: மூன்றாண்டுத் தேவையைத் திட்டமிடும் முறை

திருகோணமலையில் கட்டட வேலைக்கான மணல், கிறவல், கருங்கல் ஆகியவற்றைத் திட்டமிடும் பலரும் ஆற்றில் எவ்வளவு மணல் கிடக்கிறது என்பதையே முதலில் விசாரிக்கின்றனர். கணக்கை அதற்கு மாறாக, வரும் மூன்றாண்டுகளில் நமக்கு எத்தனை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலைகளைக் கொங்கிரீட், கட்டு வேலை, பூச்சு, நிரவல் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 0.44 கியூப் மணலும், 0.88 கியூப் முக்கால் அங்குலச் சல்லியும், 50 கிலோ சீமெந்துப் பைகள் 18உம் தேவைப்படும். இது உலர்ந்த மணலுக்கான கணக்கு. ஈர மணல் 20 முதல் 30 சதவீதம் வரை பொங்கி நிற்கும் என்பதால், டிப்பரில் மூன்று கியூப் என்று வந்து இறங்குவது உண்மையில் மூன்று கியூப் அல்ல. ஒரு வாளியில் அந்த மணலை அமுக்காமல் 10 அங்குல உயரத்துக்கு இட்டு, நீர் ஊற்றிக் கிளறித் தணியவிடுங்கள். மட்டம் 8 அங்குலத்துக்கு இறங்கினால், 25 சதவீதம் கூடுதலாகக் கோர வேண்டும். ஓட்டுநர் புறப்படுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது வரத்து. கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியே மாவட்டத்தின் பெரிய மணல் ஊற்று. ஆனால் 1980களில் மேலே கட்டப்பட்ட விக்டோரியா, ரந்தெனிகல போன்ற அணைகள் வண்டலையும் மணலையும் தடுத்து வைத்திருப்பதால், அள்ளிய இடம் முன்போல் நிரம்பும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. ஆகவே ஒரு பகுதித் தேவைக்கேனும் கருங்கல்லை உடைத்து எடுக்கும் மணலை இப்போதே பழக்கத்துக்குக் கொண்டுவருவது நல்லது. கடல் மணலைக் கழுவாமல் சேர்த்தால் அதன் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரங்கள் தனித்தனியாக வேண்டும். வழங்குநர் ஒவ்வொருவரின் பத்திரமும் முடிவடையும் திகதியை உங்கள் வேலை அட்டவணையிலேயே எழுதி வையுங்கள்; காலாவதியான பத்திரத்தை நம்பிய குவாரியை வரத்தில் சேர்க்காதீர்கள்.

ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவ மழையில் ஆறு பெருகி, கிறவல் குழிகளில் நீர் நிற்கும். அந்த நான்கு மாதத் தேவையைப் புரட்டாசிக்குள் இறக்கி, உயரமான தரையில் குவித்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, மேலே தார்ப்பாய் விரித்துக் கட்டுங்கள்.