பெட்டியில் என்ன வந்திருக்கிறது?

லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் பிரின்ஸ் சார்லஸ் அரங்கிலும், தேம்ஸ் தென்கரையில் உள்ள, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் அரங்கான பிஎஃப்ஐ சவுத்பேங்கிலும் இன்றும் ஃபிலிம் ஓட்டுகிறார்கள். பழைய படங்களைத் திரையிடும் இத்தகைய அரங்குகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் என்ன படம் என்று மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பிரிண்ட், அதாவது படத்தின் எந்தப் பிரதி ஓடப்போகிறது என்று விசாரிப்பதில்லை. நம் ஊரில் படச்சுருள் பெட்டி வந்தால்தான் காட்சி என்று இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இன்றும் பெட்டிதான் விஷயம்.

பழைய படம் என்றாலே ஃபிலிமில்தான் ஓடும் என்று நம்புவது முதல் தவறு. பெரும்பாலும் ஓடுவது டிஜிட்டல் கோப்புதான். நிகழ்ச்சி நிரலில் படத்தின் பெயரை ஒட்டி ‘35 மி.மீ.’ என்று ஃபிலிமின் அகலத்தைப் போட்டிருக்க வேண்டும். ‘4கே மீட்டெடுப்பு’ என்றிருந்தால் டிஜிட்டல். ‘35 மி.மீட்டரில் படமாக்கப்பட்டது’ என்பது கேமராவைப் பற்றிய தகவல்; புரொஜக்டரில் என்ன ஓடும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த வரியை அவசரத்தில் படித்துவிட்டு, கொட்டும் மழையில் ஊரின் மறுகோடிக்குப் போய் டிஜிட்டல் பார்த்துத் திரும்பியவன் நான். குற்றம் என்னுடையதுதான்.

70 மி.மீ. என்றதும் மயங்கிவிடவும் கூடாது. 1970, 80களின் 70 மி.மீ. பிரிண்ட்களில் பல, 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து பெரிதாக்கப்பட்டவை. அவற்றிலும் ஒலி அருமையாக இருக்கும் என்பது வேறு. ஐமேக்ஸும் அதே அகல ஃபிலிம்தான். ஆனால் படுக்கைவாட்டில் ஓடுகிறது. ஒரு பிரேமுக்கு ஃபிலிமின் ஓரத்தில் 15 துளைகள், சாதாரண 70 மி.மீட்டருக்கு 5.

ஃபிலிம் என்றால் நிறம் அள்ளும் என்ற எதிர்பார்ப்பில்தான் பலர் அடிபடுகிறார்கள். நம் சுவரொட்டிகளில் பெருமையாக அச்சிட்டார்களே, ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று! 1980களின் தொடக்கம் வரை வந்த அந்த வகைப் பிரிண்ட்களில் மற்ற சாயங்கள் வெளுத்து, மெஜந்தா மட்டும் தங்கிவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தேன். புல்வெளி செங்கல் நிறம், வானம் ரோஸ், கதாநாயகி முகத்தில் பீட்ரூட் சாறு தெளித்ததுபோல ஒரு சிவப்பு. பத்து நிமிடத்தில் கண் பழகிவிட்டது, வருத்தம் பழகவில்லை. ‘டெக்னிகலர் பிரிண்ட்’ என்று நிரலில் போட்டிருந்தால் யோசிக்காமல் போங்கள். அதில் சாயங்களை ஒவ்வொன்றாக ஃபிலிமின் மேல் அச்சுப்போல ஏற்றியிருப்பார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். தெரியாவிட்டால் அரங்குக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பிரிண்ட் எப்படி என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நைட்ரேட் பிரிண்ட் என்று அறிவித்தால் மற்ற வேலையை ஒத்திவைக்கலாம். 1950களின் தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றுபோன, தீப்பற்றினால் அணைக்கவே முடியாத ஃபிலிம் அது. ஓட்ட அனுமதி உள்ள அரங்குகள் உலகிலேயே சில. சவுத்பேங்கில் 2023 ஜூனில் நடந்த ஃபிலிம் விழாவில் நைட்ரேட் ஓட்டினார்கள்.

திரையின் வலது மேல்மூலையில் திடீரென்று ஒரு புள்ளி மின்னினால் அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஒரு ரீல் 2000 அடி, சுமார் 20 நிமிடம். முதல் புள்ளி வந்ததும் ஆபரேட்டர் அடுத்த ரீலோடு காத்திருக்கும் இரண்டாவது புரொஜக்டரின் மோட்டாரை முடுக்குவார். சுமார் ஏழு நொடி கழித்து வரும் இரண்டாவது புள்ளியில் காட்சியை அதற்கு மாற்றுவார். ஆவணக் காப்பகங்கள் ரீல்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுருளாக ஓட்டப் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால் இந்தப் பழைய முறை பிழைத்திருக்கிறது. (இதைச் சொல்லிக்கொடுத்த நாள் முதல் என் மனைவி கதையை விட்டுவிட்டு மூலையையே பார்க்கிறாள்.)

கடைசித் தவறு, ஃபோகஸ் விலகினால் பேசாமல் உட்கார்ந்திருப்பது. ஊரில் கொட்டகையே ‘ஆபரேட்டர்!’ என்று கத்தும், விசில் பறக்கும். லண்டனில் இருநூறு பேரும் மரியாதையாக மங்கலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்துபோய் வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. நான் ஒருமுறை சொல்லத் தயங்கினேன். முதல் ரீல் மங்கல். புள்ளி வந்தது, இரண்டாவது ரீல் பளிச்சென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று சாய்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது ரீல் மறுபடி முதல் புரொஜக்டரில் ஏறியது.