கம்பாலாவுக்குப் பெட்டி கட்டுகிறீர்களா? ஹான்ஸ் வேண்டாம்

உகாண்டாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஊறுகாய் கொண்டு வரலாமா, குக்கர் கொண்டு வரலாமா என்று விசாரிப்பார்கள். வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸ், கூல் லிப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்காமலே துணிக்கு நடுவே சுருட்டி வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகவே கேட்காமலே சொல்லிவிடலாம்: கொண்டு வராதீர்கள்.

உகாண்டாவின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015-இல் நிறைவேறி, 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிகரெட்டுக்குக் கட்டுப்பாடுதான்: 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது, சில்லறையாக ஒன்றிரண்டு விற்கக் கூடாது. மெல்லும் புகையிலை, வாயில் அடக்குவது, மூக்குப்பொடி ஆகியவற்றுக்கோ முழுத் தடை. இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எதுவும் கூடாது. ஷீஷா எனப்படும் ஹூக்காவும் மின்சிகரெட்டும் அதே பட்டியலில்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் உகாண்டா நிறுவனம் போட்ட வழக்கை 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது, பெட்டிக்கடையில் கிடைக்காமலா போயிற்று என்பீர்கள். அங்கே மாட்டினால் உள்ளூர்க்காரர். இங்கே உங்கள் பெயரில் ஒரு வேலை அனுமதி இருக்கிறது, அதற்குப் பொறுப்பேற்ற முதலாளி இருக்கிறார். என்டெபி விமான நிலையத்தில் "சொந்த உபயோகத்துக்குத்தான் சார்" என்று விளக்கம் சொல்லி நிற்கும் நிலை எதற்கு? ஊரிலிருந்து வரும் நண்பரிடம் வாங்கி வரச் சொல்வது இன்னும் மோசம், மாட்டுவது அவர்.

வந்தபின் தெருவில் 'குபேர்' என்ற பெயர் காதில் விழும். சின்னப் பாக்கெட்டில், பார்க்கத் தேயிலைத் தூள் மாதிரி இருக்கும். தேயிலை என்றும் வாய்மணப் பொருள் என்றும் லேபிள் ஒட்டியே ஒரு காலத்தில் விற்றார்கள். பெயரைப் பார்த்து நம்ம நாட்டுச் சரக்கு என்று நினைத்தால் அது சரிதான், இந்தியாவிலிருந்துதான் வந்தது. அதற்காகப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது புகையிலை. 'போடா போடா' என்று இங்கே சொல்லும் பைக் டாக்சி ஓட்டும் பையன் ரகசியமாக நீட்டினாலும் வேண்டாம் என்று சிரித்துவிட்டு நகருங்கள். வடகிழக்கே கரமோஜா பக்கம் வயதானவர்கள் உள்ளூர்ப் புகையிலையைப் பொடித்துப் போடுவதைப் பார்க்கலாம். அது அவர்கள் பழக்கம், நமக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

வெற்றிலை பாக்கு இந்தச் சட்டத்துக்குள் வராது. ஜர்தா என்ற புகையிலை சேர்ந்தால் வரும். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழக்கம் உள்ளவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தப் பாருங்கள். முதல் சில நாள்தான் கொடுமை: எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை. புது நாடு, புது மேலாளர், இதற்கு நடுவில் அந்த அவஸ்தையும் சேர வேண்டாம். இந்தியாவில் இருக்கும்போதே 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணில் பேசுங்கள். நிகோடின் சூயிங்கம் பயன்படுத்துவதானால், மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி, அது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். ஹான்ஸ் அடக்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

பல வருடம் போட்டவர்கள் கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்புபோல் வாய் அகலத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மேற்கொண்டு பார்க்கச் சொன்னால் கம்பாலாவிலேயே முலாகோவில் உகாண்டா புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. லீவு கிடைத்து ஊருக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.