வேலூர் மொட்டை மாடியிலிருந்து பூமியை அளப்பது எப்படி?

டிசம்பர் 22, தேசியக் கணித தினம் வந்தால் பள்ளிகளில் ராமானுஜனைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைப்பார்கள், பிள்ளைகளும் ஈரோடு, 1887, 1729 என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு மேடையை விட்டு இறங்குவார்கள். அதில் கணக்கும் இல்லை, மனிதரும் இல்லை. ஒரு கணித மேதையை முதலில் அவர் செய்த வேலை வழியாகக் காட்டுங்கள், வாழ்க்கைக் கதையை அப்புறம் சொல்லுங்கள். எரட்டோஸ்தனிஸில் தொடங்கலாம், வேலூருக்கு அவர் ரொம்பத் தோது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர். எகிப்தின் சையீனில் உச்சி வெயிலுக்கு நிழலே விழாத நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் காட்டிய கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலக் கிரேக்கத் தூர அளவு), அப்படியானால் அது பூமியின் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு. ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு வந்துவிட்டது.

நமக்கு சையீன் வேலூர்தான். ஏப்ரல் 24-ஐ ஒட்டி இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும். நமக்கு அலெக்சாந்திரியா நாக்பூர், ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் நேர் வடக்கே இருக்கிறது. அங்கே தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துவையுங்கள். இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள், இதில் சோம்பல்பட்டால் எல்லாமே போச்சு. உச்சி நேரம் சரியாக 12 மணி இல்லை, சுமார் 12.11. பன்னிரண்டுக்கே மாடி ஏறி (செருப்போடு, தரை கொதிக்கும்) இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். இங்கே நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துபோகும். நாக்பூரில் மிகக் குறைந்த நிழல் 14 செ.மீ. சொச்சம் இருக்கும்.

டிரிக்னாமெட்ரி தெரியாத பிள்ளையும் குச்சியையும் நிழலையும் அளவு குறைத்துத் தாளில் முக்கோணமாக வரைந்து, குச்சியின் நுனியில் பாகைமானி வைத்தால் 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும். 360-ஐ அதால் வகுத்தால் சுமார் 44. வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம் 910 கி.மீ., ரயில் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள். பெருக்கினால் 40,040. உண்மையான சுற்றளவும் ஏறத்தாழ 40,000 கி.மீ.தான்.

இப்போது அந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். எந்தத் துறையிலும் இரண்டாம் இடம்தான் என்று அவருக்கு 'பீட்டா' (கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து) எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆர்க்கிமிடீஸோ தன் ஆராய்ச்சியை அவருக்கே கடிதமாக எழுதி அனுப்பினார்.

ஏப்ரலில் தவறினால் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி வாய்ப்பு உண்டு, உச்சி நேரம் சுமார் 12.17. ஆனால் அப்போது நாக்பூரில் மழைக்காலம், ஏப்ரலே நல்லது.