டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இடுப்பில் பிஸ்டல் வைக்க நினைக்கும் முன்

வேலை மாறி டாலஸ் பக்கம் வந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, “அண்ணா, சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கிற மாதிரி சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கணும், எது நல்லது?” நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “இப்ப எந்த விசாவுல இருக்கீங்க?” எச்1பி என்றார். பிஸ்டல் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு விஷயம் பேசினேன். அதே வரிசையில் இங்கேயும் எழுதுகிறேன்.

எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பெற்றோர் வரும் பி2 என்று தற்காலிக விசாவில் இருக்கும் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் (நாடு முழுவதற்குமான மத்திய அரசுச் சட்டம்) அனுமதிப்பதில்லை. விலை கொடுத்து வாங்குவது மட்டுமல்ல, கையில் எடுப்பதும் வைத்திருப்பதுதான். “டெக்சஸில் லைசென்ஸே வேண்டாமாமே” என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். அது மாநிலச் சட்டம், அவர்களுக்குச் சரி. ஃபெடரல் தடை உங்கள்மேல் அப்படியே இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். வேலை போனாலும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஒன்று பெற்றால் நாடு கடத்தும் நடவடிக்கைக்கே அது போதும்.

நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ரேஞ்ச், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம். ஊரிலிருந்து மச்சான் வந்திருப்பார், சுற்றிக் காட்டுகிறோம் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு படமும் எடுத்துப் போடுவோம். கவுன்டரில் இருப்பவர் விசாவைப் பற்றிக் கேட்காமலே வாடகைக்குக் கொடுத்துவிடலாம், அதனால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹாய்ஃப் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்தவர், படிப்பு நின்று போய் அந்த நிலையை இழந்த பிறகு, ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், அவ்வளவுதான். தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஆக, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். நம் நாட்டவருக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும், நானும் நின்று வந்தவன்தான். கார்டு வந்த பிறகு, குற்றப் பின்னணி போன்ற வேறு தடை ஏதும் இல்லாவிட்டால், குடிமகனைப் போலவே கடையில் வாங்கலாம். கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். அதில் குடியுரிமை, விசா, கஞ்சா பழக்கம் எல்லாம் கேட்பார்கள். எழுதுவது அத்தனையும் உண்மையாக இருக்கட்டும், பொய் எழுதுவது தனிக் குற்றம். கொலராடோவில் கஞ்சா கடையிலேயே விற்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, அந்தப் படிவம் ஃபெடரல் படிவம். பிறகு எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். சிலருக்கு ‘தாமதம்’ என்று வரும், வேறு யாரோ ஒருவரின் பெயர் உங்கள் பெயரைப் போல இருந்தாலே போதும். கலங்க வேண்டாம், சில நாட்கள் காத்திருந்தால் முடிவு தெரியும்.

வீட்டில் முதலில் பேசுங்கள்

துப்பாக்கி வந்தால் ஆபத்தும் கூடவே வீட்டுக்குள் வருகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் மன அழுத்தத்தில் யாராவது இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், இந்த யோசனையைத் தள்ளிப் போடுங்கள். புது நாடு, தனிமை, வேலை பயம் எல்லாம் சேர்ந்து அழுத்தும் முதல் சில வருடங்கள் இதற்கான காலம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மனைவி எச்4இலோ அப்பா அம்மா பி2விலோ இருந்தால், பெட்டகத்தின் எண்ணோ சாவியோ அவர்களிடம் இருக்கக் கூடாது. எடுக்க முடிகிற நிலையில் இருப்பதையே ‘வைத்திருப்பது’ என்று சட்டம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிள்ளைகள் விஷயத்தில் டெக்சஸ் சட்டம் வெளிப்படையாகவே பேசுகிறது: 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைத்து, அது பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால் பெரியவர்மேல் வழக்கு. அலமாரியின் மேல்தட்டு, புடவை அடுக்கின் அடி, இதெல்லாம் ஒளித்துவைக்கும் இடங்கள்தான். பூட்டிய பெட்டகம் ஒன்றே பாதுகாப்பு. எண் பொத்தான் உள்ள சின்ன பெட்டகத்தை வாங்கி, கட்டிலோடு திருகி வைத்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

சரி, எந்தத் துப்பாக்கி?

நான் முதலில் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு .380 பிஸ்டல் (அந்த எண் தோட்டாவின் அளவு). கண்ணாடி மேசைக்கு அந்தப்புறம் நின்றவர், “இருப்பதே தெரியாது” என்று சொன்னார். உண்மைதான், பாக்கெட்டில் இருப்பது தெரியவே இல்லை. ரேஞ்சில் 7 கெஜ தூரத்தில் நின்று இருபது தோட்டா சுட்டபோது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் சிவந்து எரிந்தது. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை, காற்றில் தொங்கியது. அடுத்த முறை போனபோது, சுடுவதற்கு முன்பே கை அதிர்வை எதிர்பார்த்துக் கீழே இழுத்தது. தாளில் எல்லாம் இடது பக்கம் அடியில் விழுந்தது. மூன்றாவது முறை போக மனமே வரவில்லை. பயிற்சிக்குப் போகப் பிடிக்காத துப்பாக்கியை மக்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. குறி தவறும் ஒவ்வொரு தோட்டாவும் வேறு யாரையோ நோக்கிப் போகிறது, அதற்குப் பொறுப்பு நாம்தான்.

சின்னது என்றால் சுடுவது சுலபம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நேர் எதிர். எடை குறையக் குறைய உதைப்பு (சுடும்போது கையில் விழும் அதிர்வு) கூடும், பிடி சுருங்கச் சுருங்க அதை அடக்குவது கடினம். அதனால் மறைக்க முடிகிற அளவில் மிகச் சின்னதைத் தேடாமல், உங்கள் கை அடக்கி ஆளக்கூடியதில் மறைக்க முடிவது எது என்று பாருங்கள்.

மாதிரிக்கு இரண்டு அளவுகளைச் சொல்கிறேன். கிளாக் 19, 1988இல் வந்தது, 9 மி.மீ., 15 தோட்டா மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு), 4 அங்குலக் குழல், காலி மேகசினோடு சுமார் 670 கிராம். முழுக் கையும் பிடிக்க இடமிருக்கும், ஆனால் மெலிந்த உடம்பில் மெல்லிய சட்டைக்குள் துருத்தும். சிக் பி365, 2018இல் வந்தது, 10 தோட்டா மேகசின், 3.1 அங்குலக் குழல், சுமார் 500 கிராம். அது வந்த பிறகுதான் இந்தச் சின்ன அளவுக்குள் இத்தனை தோட்டா என்ற போட்டியே சூடு பிடித்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்காட், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், கிளாக் 43எக்ஸ் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில், கொஞ்சம் முன்னே பின்னே நிற்பவை. எதை எடுத்தாலும் 9 மி.மீ. போதும். எஃப்பிஐயே .40இலிருந்து 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. உதைப்பு குறைவு, பயிற்சித் தோட்டாவும் மலிவு.

கடைக்குப் போவதற்கு முன் வாடகைக்கு விடும் ரேஞ்ச் ஒன்றில் ஒரு மதியத்தைச் செலவிடுங்கள். மூன்று நான்கை மாற்றி மாற்றிச் சுடுங்கள். தோட்டா இல்லை என்று பயிற்சியாளரோடு சேர்ந்து பார்த்த பிறகு, இலக்கின் பக்கம் முகம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது குழல் நுனியில் உள்ள முன்குறி, கண்ணருகே உள்ள பின்குறியின் பள்ளத்துக்குள் தானாக வந்து நிற்கிறதா? நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறது. ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னால் இழுக்க முடிகிறதா, பிடியை மாற்றாமலே மேகசினைக் கழற்ற முடிகிறதா, சுட்டுவிரலின் நுனிச்சதை ட்ரிகரில் சரியாகப் படிகிறதா என்றும் பாருங்கள். விரல் நீளம் குறைந்த நம் கைகளுக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம்.

மனைவிக்கு என்று கணவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெண்கள் என்றாலே எடை குறைந்த, ஐந்து தோட்டா போடும் .38 ரிவால்வரைக் கையில் திணிக்கும் வழக்கம் கடைகளில் உண்டு. அதன் ட்ரிகர் கனம், உதைப்பும் மோசம், அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம். மணிக்கட்டில் பலம் குறைந்தவர்களுக்காகவே ஸ்லைடு இலகுவாக இழுபடும் ஷீல்டு ஈஸீ போன்றவை வந்திருக்கின்றன. யார் வைத்துக்கொள்ளப் போகிறாரோ அவர் கையில்தான் முடிவு.

துப்பாக்கி உறை வாங்கும்போது காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில், குறிப்பிட்ட மாடலுக்கென்றே வார்த்தது வேண்டும், ட்ரிகர் முழுதும் மூடியிருக்க வேண்டும். தொளதொள துணி உறையெல்லாம் வேண்டாம். திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே கூடாது, சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ உள்ளே புகுந்து ட்ரிகரை இழுத்த விபத்துகள் நடந்திருக்கின்றன. கெட்டியான பெல்ட் இல்லாவிட்டால் பேன்ட் ஒரு பக்கம் சரியும், நீங்கள் அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்கள், எல்லோருக்கும் தெரிந்துவிடும். கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, அம்மாவின் கைப்பைக்குள் கை விட, துப்பாக்கி வெடித்து அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். படித்தபோது என் மகளுக்கும் இரண்டு வயது.

கோயிலுக்கு வேட்டி கட்டிப் போகும் நாளில் நான் எடுத்துப் போவதே இல்லை. வேட்டியில் உறை நிற்காது, காரில் விட்டுப் போனால் கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள். வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

சட்டத்தில் மறக்கக் கூடாதவை

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, தடை ஏதும் இல்லாதவர் கைத்துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமலே உடன் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுங்கள் என்பேன். வகுப்பு ஒரு நாளுக்குள் முடியும், சுடும் தேர்வு 3, 7, 15 கெஜத்தில் 50 தோட்டா. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் பொதுத் தெருவில் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் சட்டத்தில், அந்த மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையை விடப்போகும் தெருவில் தினமும் இந்தச் சிக்கல் வருமே. வேறு சில மாநிலங்களிலும் அந்த லைசென்ஸ் செல்லும்.

வாசலில் 30.06 என்ற எண்ணோடு பெரிய எழுத்தில் அறிவிப்பு இருந்தால் மறைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. சிவப்பில் 51% என்று போட்ட மதுக்கூடத்துக்குள் போவது கடுமையான குற்றம். தபால் நிலையம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எங்கேயும் கூடாது. அலுவலக விதிகளையும் படித்துப் பாருங்கள். போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டீயரிங் மேல், உள்விளக்கைப் போடுங்கள், அடையாள அட்டை கேட்டால் துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள், சொல்லாமல் எதையும் எடுக்கக் கையை நீட்டாதீர்கள்.

மாநில எல்லை தாண்டினால் சட்டமே வேறு. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி, மேகசினில் பத்துக்கு மேல் கூடாது. நயாகரா பார்த்துவிட்டு அப்படியே டொரொன்டோவில் சித்தப்பா வீட்டுக்கும் போய்விடலாம் என்று கிளம்பும் பயணத்தில் துப்பாக்கி வண்டியில் இருக்கவே கூடாது. கனடா எல்லையில் பிடித்தால் மன்னிப்பே இல்லை.

அப்புறம், ஊருக்குப் போகும் பயணம். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் சென்னைக்குத் துணி அடுக்காதீர்கள். ஒரே ஒரு தோட்டா பையின் ஓரத்தில் கிடந்து, இந்திய விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்து, ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டு இந்தியர்கள் பலர். மறந்துவிட்டேன் என்று சொன்னாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்றை வைத்து, கராஜை விட்டு அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன்தினம் எடுத்துப்போகும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், பக்கவாட்டு ஜிப்பையும் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.