மழைக்காலத்தில் காரின் மைலேஜைக் காப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை சென்னைச் சாலைகளை நனைக்கத் தொடங்கும் அக்டோபரிலிருந்து காரின் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. அதற்காக உடனே எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சாலையில் தேங்கிய நீரை டயர்கள் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே உருள வேண்டியிருப்பதாலும், அந்த நீர் டயரைக் குளிர்வித்துவிடுவதாலும் உருளும்போது எழும் தடை கூடுகிறது. குளிர்ந்த டயரில் காற்றழுத்தமும் இறங்கும். வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும். ஆகவே இரு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே, ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறித்துள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கலாம் என்று சிலர் கூறும் யோசனையைக் கேட்காதீர்கள்: மைலேஜும் போகும், டயர் நீரின்மேல் மிதந்து வழுக்கும் ஆபத்தும் கூடும்.

வைப்பரும் முகப்பு விளக்கும் இழுக்கும் எரிபொருள் சொற்பமே. கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க ஏசி வேண்டும். தெளிந்தபின் அணைக்கலாம், ஆனால் பார்வை மங்கும்போது எரிபொருளைக் கணக்குப் பார்க்க வேண்டாம். உண்மையில் பெட்ரோலைக் குடிப்பது, மழைநாள் நெரிசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான். நெடுநேரம் நிற்க நேர்ந்தால், நீர் தேங்காத இடமாக இருந்தால் மட்டும், எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வெள்ளத்துக்குள் தானே அணைந்துபோன எஞ்சினையோ மீண்டும் இயக்க முயலவே கூடாது.