ஆப்ஜெக்டைச் சரமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போகும் கூடைகளுக்குச் சீட்டு அச்சிடும் செயலி ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கூடையும் படகின் எண், மீனின் பெயர், எடை ஆகியவற்றைக் கொண்ட ஓர் ஆப்ஜெக்ட், அதாவது பல தகவல்களை ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்பு. அதை அப்படியே சீட்டில் இட்டால் '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' என்றுதான் வரும் என்பதால், ஆப்ஜெக்டைச் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றித் தரும் டூஸ்ட்ரிங் என்ற மெத்தடை (ஆப்ஜெக்டுக்கு உரிய செயல்பாட்டை) எழுதி 'வஞ்சிரம், 12 கிலோ' என்று வரச் செய்கிறோம். பலர் வேலை முடிந்ததென்று இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஓர் ஆப்ஜெக்டை மாற்றும்போது, அது எதற்காகத் தேவைப்படுகிறது என்ற குறிப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் உடன் அனுப்புகிறது. சரம், எண், இயல்பு என அக்குறிப்பு மூன்று வகைப்படும். மதிப்புகளை நடுவே இட்டுச் சரத்தை அமைக்க உதவும் டெம்ப்ளேட் லிட்டரல் சரத்தைக் கேட்பதால் டூஸ்ட்ரிங் முதலில் அழைக்கப்படுகிறது. கூட்டல் குறியோ இயல்பு என்ற குறிப்பை அனுப்புவதால் ஆப்ஜெக்டின் மதிப்பைத் தரும் வேல்யூஆஃப் என்ற மெத்தட் முந்திக்கொள்கிறது. நாம் எழுதாதவரை வேல்யூஆஃப் அதே ஆப்ஜெக்டையே திருப்பித் தருகிறது. அது பயன்படாது என்பதால் அடுத்து டூஸ்ட்ரிங் அழைக்கப்படுகிறது. ஆகவே வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. பின்னொரு நாள் மொத்த எடையைக் கூட்டுவதற்காக வேல்யூஆஃப் மெத்தடை எழுதி எடையைத் தரச் செய்தவுடன், கூட்டல் குறியால் ஒட்டப்பட்ட சீட்டுகளிலெல்லாம் மீனின் பெயர் போய் '12' மட்டும் மிஞ்சும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. சீட்டு எழுதும் இடங்களில் டெம்ப்ளேட் லிட்டரலையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

மூன்று குறிப்புகளையும் ஒரே இடத்தில் கையாள, 2015ஆம் ஆண்டின் பதிப்பு சிம்பல்.டூபிரிமிட்டிவ் என்ற வழியைத் தந்தது. இதை எழுதுவோர் சரத்துக்கும் எண்ணுக்கும் விடை எழுதிவிட்டு இயல்பு என்ற குறிப்பை மறந்துவிடுவதுண்டு. அப்போது மெத்தட் எதையும் திருப்பித் தராததால், கூட்டல் குறியால் ஒட்டிய சீட்டில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'அன்டிஃபைன்ட்' என்று அச்சாகும். இரண்டு கூடைகளைக் கூட்டினால் எண்ணல்ல என்பதைக் குறிக்கும் 'நேன்' விடையாக வரும். இந்த மெத்தட் ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பித் தந்தாலோ மாற்று வழி தேடப்படுவதில்லை. உடனே டைப்எரர் என்ற பிழை எழும்.

நல்ல டூஸ்ட்ரிங் எழுதியபின் கூடையையே வேறோர் ஆப்ஜெக்டில் மதிப்பைத் தேடி எடுக்க உதவும் சாவியாக வைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். சாவியும் சரமாகவே மாற்றப்படுவதால், இரண்டு படகுகளிலிருந்து இறங்கிய 12 கிலோ வஞ்சிரக் கூடைகள் இரண்டுக்கும் ஒரே சாவி கிடைத்து, முதல் கூடைக்குப் பதிந்த ஏலத்தொகை அழிந்துபோகும். ஒரு மீனவரின் வருமானம் கணக்கிலிருந்து காணாமல் போவதைச் சிறு பிழை என்று நான் கொள்ளமாட்டேன். படகின் எண்ணைச் சரத்தில் சேர்ப்பதும் முழுத் தீர்வாகாது, ஏனெனில் ஒரே படகில் ஒரே எடையுள்ள இரு கூடைகள் வரக்கூடும். மேப் என்ற அமைப்பு சரத்தைப் பாராமல் ஆப்ஜெக்டையே அடையாளமாகக் கொள்வதால், இங்கு அதுவே பொருத்தமானது.

வேறு சில தவறுகளும் உண்டு. ஆப்ஜெக்டை அடைப்புக்குறிகளுக்குள் நேரடியாக எழுதும் ஆப்ஜெக்ட் லிட்டரலுக்குள் டூஸ்ட்ரிங்கை ஆரோ ஃபங்ஷனாக (அம்புக்குறியால் எழுதும் சுருக்கச் செயல்பாடாக) எழுதினால், அதனுள் வரும் 'திஸ்' என்ற சுட்டுச்சொல் கூடையைச் சுட்டாது. ஆப்ஜெக்டைத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஜேசன் வடிவச் சரமாக்கும் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை, டூஸ்ட்ரிங்கைக் கேட்பதில்லை. அதற்கு டூஜேசன் என்ற தனி மெத்தட் உண்டு. சோதனைக்காக மதிப்புகளைத் திரையில் காட்டும் கன்சோல்.லாக்கிடம் ஆப்ஜெக்டை நேரடியாகக் கொடுத்தாலும் டூஸ்ட்ரிங் அழைக்கப்படாது என்பதால், சோதிக்கும்போது கூடையை டெம்ப்ளேட் லிட்டரலில் இட்டுப் பார்க்க வேண்டும்.