அடாப்டிவ் சிங்க் நிஜமாவே ஓடுதா? உங்க கார்டு, உங்க மானிட்டர்ல நீங்களே செக் பண்ணுங்க

மானிட்டர் பெட்டியில ஃப்ரீசிங்க்னு ஸ்டிக்கர் இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா, அதோட டிரைவர் சாஃப்ட்வேர்ல போய் பார்த்தா ஜி-சிங்க் ஆன்னு டிக் விழுந்திருக்கு, ஆனா கேம்ல சட்டுனு திரும்புனா மட்டும் படம் நடுவுல குறுக்க கிழியுது. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. டிரைவர்ல இருக்கற அந்த டிக்க மட்டும் நம்பாதீங்க. ஹெர்ட்ஸ் நிஜமாவே ஏறி இறங்குதான்னு மானிட்டர்கிட்டதான் கேக்கணும், அத எப்படி கேக்கறதுன்னுதான் இந்த போஸ்ட்.

விஷயம் ரொம்ப சிம்பிள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் செகண்டுக்கு 144 தடவ படத்த மாத்தும், கார்டு 87 ஃப்ரேம்தான் குடுத்தாலும் அது பாட்டுக்கு 144 தடவ மாத்திட்டே இருக்கும், அதனால பாதி பழைய ஃப்ரேம் பாதி புது ஃப்ரேம்னு ஒட்டுப்போட்டு காட்டிடும். அதுதான் டியரிங். அடாப்டிவ் சிங்க் இருந்தா மானிட்டர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஃப்ரேம் வந்து ஏறுனாதான் கிளம்பும். இதுக்கு ஏஎம்டி வச்ச பேர் ஃப்ரீசிங்க், என்விடியா வச்ச பேர் ஜி-சிங்க்.

முதல்ல கார்டு தோதா இருக்கா

ஏஎம்டி ஆளுங்களுக்கு பெருசா கவலை இல்ல, ஆர்எக்ஸ் 480, 580 மாதிரி பழைய கார்டுல கூட ஃப்ரீசிங்க் ஓடும். என்விடியாவுலதான் ஒரு கதை இருக்கு. 2013ல ஜி-சிங்க் வந்தப்போ மானிட்டருக்குள்ள அவங்க போர்டு ஒண்ணு இருந்தாதான் வேலை செய்யும், அந்த மானிட்டர் விலையும் எகிறும். 2014ல டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ-ல அடாப்டிவ் சிங்க் பொது ஸ்டாண்டர்டா வந்துச்சு, ஏஎம்டி அத வச்சு ஃப்ரீசிங்க் பண்ணாங்க. என்விடியா 2019 ஜனவரியில 417.71 டிரைவர்லதான் கதவ திறந்தாங்க. அதுவும் ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ்ல இருந்துதான். உங்ககிட்ட ஜிடிஎக்ஸ் 970, 960 இருந்தா ஃப்ரீசிங்க் மானிட்டரோட சேராது, இதுக்கு மேல தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

கேபிள்

பாதிப்பேர் பிரச்சனை இங்கயே முடிஞ்சிடும். என்விடியா கார்டுன்னா டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான் போடணும். ஹெச்டிஎம்ஐ-ல ஓடணும்னா டிவியோ மானிட்டரோ ஹெச்டிஎம்ஐ விஆர்ஆர் (ஹெச்டிஎம்ஐ வழியா ஹெர்ட்ஸ் ஏறி இறங்கற வசதி) சப்போர்ட் பண்ணணும், சாதா ஃப்ரீசிங்க் மானிட்டர் நிறைய அத பண்ணாது. ஏஎம்டி கார்டுன்னா ஹெச்டிஎம்ஐ-லயும் ஃப்ரீசிங்க் போகும், மானிட்டர் அந்த போர்ட்டுல சப்போர்ட் பண்ணா போதும். இன்னொண்ணு, கேபிள கேபினெட் பின்னாடி கீழ படுத்தாப்ல இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு போர்ட்டுல சொருகியிருக்கீங்களா, இல்ல மேல யுஎஸ்பி பக்கத்துல இருக்கற மதர்போர்டு போர்ட்டுலயான்னு குனிஞ்சு ஒரு தடவ பாத்துடுங்க. கார்டுக்கு அவ்ளோ காசு குடுத்துட்டு மதர்போர்டுல சொருகி வச்சிருக்கறவங்க நீங்க நினைக்கறத விட அதிகம்.

மானிட்டர் மெனு

மானிட்டர் பின்னாடியோ கீழயோ இருக்கற பட்டன அழுத்தி மெனுவுக்குள்ள போங்க. கேமிங்னு ஒரு பகுதி இருக்கும், அதுல ஃப்ரீசிங்க் இல்ல அடாப்டிவ் சிங்க்னு இருக்கறத ஆன் பண்ணுங்க. புதுசா வாங்குன மானிட்டர்லயே இது ஆஃப்ல இருக்கறது சகஜம். சிலதுல டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷன் 1.1, 1.2-ன்னு தனியா கேக்கும், 1.1-ல இருந்தா 1.2-க்கு மாத்துங்க. அப்புறம் விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய் 144 செலக்ட் ஆகியிருக்கா பாருங்க, 60-லயே கிடக்கும் சில நேரம்.

டிரைவர்

என்விடியா கன்ட்ரோல் பேனல்ல இடது பக்கம் "செட் அப் ஜி-சிங்க்"னு ஒரு லைன் வரணும். வரலன்னா மானிட்டர் மெனுவுல ஆஃப், இல்ல கேபிள் தப்பு, திரும்ப மேல போங்க. உள்ள போய் எனேபிள் டிக் பண்ணி, ஃபுல் ஸ்கிரீன் மோடு வச்சு, கீழ "செலக்ட் பண்ண டிஸ்ப்ளேவுக்கு எனேபிள் பண்ணு"ங்கற டிக்கும் இருந்தா போட்டு அப்ளை குடுங்க. இந்த மானிட்டர் ஜி-சிங்க் கம்பேட்டிபிள்னு சரிபார்க்கப்படலன்னு ஒரு வரி வந்தா பயப்படாதீங்க, ஆரம்பத்துல அவங்க 400 மானிட்டர் டெஸ்ட் பண்ணதுல 12-தான் பாஸ்னு சொன்னாங்க, பாஸ் ஆகாததுல நிறைய நல்லாவே ஓடும். ஏஎம்டின்னா அட்ரினலின் சாஃப்ட்வேர்ல டிஸ்ப்ளே பக்கத்துல ஃப்ரீசிங்க் ஆன், அவ்ளோதான்.

இப்போதான் நிஜ டெஸ்ட்

ரிவாட்யூனர்னு ஒரு சின்ன ஃப்ரீ டூல் போடுங்க, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் கூடவே வரும். அதுல ஃப்ரேம்ரேட் லிமிட்னு ஒரு கட்டம் இருக்கும். கேம ஃபுல் ஸ்கிரீன்ல ஓட்டுங்க, கேமுக்குள்ள வி-சிங்க் (மானிட்டர் ரெடியாகற வரைக்கும் ஃப்ரேம நிறுத்தி வைக்கற பழைய முறை) ஆஃப். இப்போ மானிட்டர் மெனுவுல ரெஃப்ரெஷ் ரேட் காட்டுறத ஆன் பண்ணி மூலையில வச்சுக்கோங்க. இந்த வசதி இல்லாத மானிட்டர்ல இன்ஃபர்மேஷன் பக்கத்த திறந்து பாருங்க. அதுல சிலது திறந்த நேரத்து நம்பர்லயே நின்னுடும், அதனால மூடித் திறந்து பாக்கணும்.

லிமிட் 90 வைங்க. மானிட்டர் நம்பர் 90 பக்கத்துல வந்து 89, 91-ன்னு ஆடுச்சுன்னா ஓடுது. 70-க்கு மாத்துனா 70 கிட்ட இறங்கணும். எதுக்கும் அசையாம 144-லயே நின்னா ஓடல. டெஸ்க்டாப்ல இத பாக்காதீங்க, அங்க 144-லதான் நிக்கும்.

அடுத்து 40 வைங்க. இங்கதான் பல பேர் பதறுவாங்க, ஏன்னா நம்பர் 40 காட்டாது, 80 காட்டும். அது சரிதான். மானிட்டர் ரேஞ்ச், அதாவது சிங்க் ஓடற ஹெர்ட்ஸ் எல்லை, 48-ல இருந்து 144 வரைன்னா 40-ங்கறது ரேஞ்சுக்கு கீழ, அதனால டிரைவர் ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு தடவ அனுப்பி 80 ஆக்கிடும். எல்எஃப்சி-ன்னு சொல்றது இததான். இது நடக்க ரேஞ்சோட மேல் நம்பர் கீழ் நம்பரப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும், அதனால 48-75 மாதிரி ரேஞ்ச் இருக்கற பட்ஜெட் மானிட்டர்ல 48-க்கு கீழ போனா சிங்க் விட்டுடும், வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்பெக்ஸ்ல இந்த ரேஞ்சப் பாருங்க.

கண்ணால பாக்கணும்னா கேம்ல ஒரு தூண் இல்ல கதவு நிலை பக்கத்துல நின்னு மவுஸ இடம் வலமா ஆட்டுங்க. லிமிட் 90-ல சிங்க் ஆஃப்ல செங்குத்து கோடு ரெண்டா வெட்டுப்பட்டு தெரியும், ஆன்ல முழுசா நிக்கும்.

ஓடுது, ஆனாலும் கிழியுதா?

பெரும்பாலும் ஃப்ரேம் 144-அ தாண்டிப் போகுதுன்னு அர்த்தம், ரேஞ்சுக்கு மேல போனா சிங்க் இல்ல. 140-ல லிமிட் போடுங்க, கன்ட்ரோல் பேனல்ல வி-சிங்க்கயும் ஆன் பண்ணிடுங்க, கேமுக்குள்ள இருக்கற வி-சிங்க் ஆஃப்லயே இருக்கட்டும்.

லோடிங் ஸ்கிரீன்லயும் இருட்டு சீன்லயும் வெளிச்சம் மினுக் மினுக்னு அடிச்சா அது விஏங்கற வகை பேனல்ல அடிக்கடி வர்ற ஃப்ளிக்கர், ஃப்ரேம் 48 பக்கத்துல ஏறி இறங்கும்போது இன்னும் ஜாஸ்தியாகும். கிராஃபிக்ஸ் செட்டிங்க கொஞ்சம் குறைச்சு ஃப்ரேம 60-க்கு மேல நிக்க வச்சா பெரும்பாலும் அடங்கிடும். அப்பவும் கண்ணு வலிச்சா கன்ட்ரோல் பேனல்ல மேனேஜ் 3டி செட்டிங்ஸ், ப்ரோக்ராம் செட்டிங்ஸ் போய் அந்த ஒரு கேமுக்கு மட்டும் மானிட்டர் டெக்னாலஜிங்கற லைன்ல ஃபிக்ஸ்ட் ரெஃப்ரெஷ் வச்சுடுங்க, மத்த கேம் எல்லாம் அடாப்டிவ் சிங்க்லயே ஓடும்.